ராகு காலத்தில் அணைக்கக் கூடாத இன்ஜின்

என் தம்பி மனைவி ஓட்டப்போகும் காரை அவளைத் தவிர எல்லோரும் பார்த்துவிட்டிருந்தார்கள். தம்பி நேரில் போய்ப் பார்த்தான். அவனுடைய சிநேகிதரான மெக்கானிக், செல்போனில் வந்த படங்களைப் பார்த்தே "இன்ஜின் சூப்பர்" என்று சொல்லியிருந்தார். எங்கள் தெருவில் தேங்காய் வியாபாரம் செய்பவர் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனபோது ஜன்னல் வழியாகப் பார்த்து, கலரில் குறை சொல்ல முடியாது என்று சான்று கொடுத்திருந்தார். ஓட்டப்போகிறவளும் ஒரு தடவை பார்க்கட்டுமே என்று நான் சொன்னதும் தம்பி சிரித்தான். நான் வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

அவளுக்கு அந்தக் கார் வேடிக்கை இல்லை. காந்திகிராமம் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதிக்கு அவள்தான் காலைப் பலகாரம் சமைத்துக் கொடுக்கிறாள். இட்லி, பொங்கல், சாம்பார், சட்னி எல்லாம் ஆட்டோவில் போகும். ஆட்டோக்காரரோ, தமக்கு விடிந்த பிறகுதான் ஊருக்கு விடியும் என்று நம்புகிறவர். பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போன ஒரு காலையில், விடுதிக்காரம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதல் சொந்த வண்டியில் நேரத்துக்கு வந்தால் ஆர்டர் தொடரும்; இல்லையென்றால் சின்னாளபட்டியில் வேறு ஆள் தயார். இவள் அதற்காகவே கார் ஓட்டக் கற்று, லைசென்சும் எடுத்துவிட்டாள். அந்த ஆர்டரை விட்டால் வீட்டுக்கு வேறு நிலையான வருமானம் கிடையாது. தம்பி பிசினஸ் யோசித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. பத்திரிகை அலுவலகத்துக்குப் பல வருடம் ஒரு பழைய காரில் போய்வந்தேன். அது ஒவ்வொரு சிக்னலிலும் அணைந்துவிடும். அதனால் ஐட்லிங் என்ற ஒரு விஷயம் மட்டும், நோயாளிக்குத் தன் நோயைப் பற்றித் தெரிகிற அளவுக்கு எனக்குத் தெரியும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் அணையாமல் சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் ஐட்லிங். விற்கிறவர்கள் காரை ஓட்டித்தான் காட்டுவார்கள். சாலையில் ஓடும்போது எல்லாக் காரும் நல்ல கார்தான். ஓரிடத்தில் நிறுத்தி வைத்து என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அதிலும், ஆறிக் கிடக்கும் இன்ஜினை அன்றைக்கு முதல் தடவையாகக் கிளப்பும்போது பார்க்க வேண்டும். உடம்பு சரியில்லாதவர் படுக்கையிலிருந்து எழுந்திருக்கிற நேரம் அது, நடிக்க முடியாது. இதைத் தம்பியிடம் சொன்னேன். "சரிக்கா" என்றான். அவன் சரிக்கா என்றால் பேச்சு முடிந்தது என்று பொருள்.

இந்தக் காருக்குக் கூடுதலாக ஒரு விசேஷம் இருந்தது. இன்ஜின் மாற்றிய வண்டி. பழைய இன்ஜின் ஆயில் இல்லாமல் ஓடி இறுகிப்போக, பின்னால் அடிபட்டு நசுங்கிய, அதே கம்பெனியின் வேறொரு மாடல் காரிலிருந்து ஒன்றைக் கழற்றி இதில் ஏற்றியிருந்தார்கள். யாரும் இதை மறைக்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் புது இன்ஜின் எண் முறையாக ஏறியிருந்தது. தம்பி இதைப் பெருமையாகவே சொன்னான்.

"வண்டிதான்க்கா பழசு. இன்ஜின் புதுசு. ரெண்டு வண்டி வாங்குன மாதிரி."

எனக்கும் அதில் மறுப்பில்லை. இரண்டு வண்டியின் கோளாறும் சேர்ந்து வரலாம் என்று மட்டும் சொன்னேன். இன்ஜினை இறக்கி ஏற்றுவது பெரிய காரியமில்லை. தாங்கிகள் பொருந்தினால் உட்கார்ந்துவிடும். அதோடு வருகிற ஒயர்களும் சென்சார்களும் காற்றுக் குழாய்களும் பழைய வண்டியோடு ஒத்துப்போக வேண்டுமே. ஒத்துப்போகாவிட்டால் அது முதலில் தெரிவது ஐட்லிங்கில்தான்.

"சரிக்கா."

ஞாயிற்றுக்கிழமை மதியம் போவதாக ஏற்பாடு. மெக்கானிக் பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார். அவரை எழுப்பியபோது, பலகாரம் கொண்டுபோகும் அதே ஆட்டோ வரவில்லை. ஆட்டோ வந்தபோது அவர் மறுபடி கண்ணயர்ந்திருந்தார். ஒருவழியாக நாங்கள் நால்வரும் கிளம்பினோம். தம்பி மனைவி மடியில் ஒரு பெரிய எவர்சில்வர் அண்டா இருந்தது. டிக்கியில் உட்காருமா என்று பார்க்க எடுத்து வந்திருந்தாள். அதைப் பார்த்து மெக்கானிக், "என்ன தங்கச்சி, கார் பாக்கப் போறமா, கறி விருந்துக்குப் போறமா?" என்றார். ஒட்டன்சத்திரம் சாலையில் பாதி தூரம் போனபோது தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் வெளுத்தான். நாலரை தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் ஆறு மணி வரை.

"திரும்பிருவமா?" என்றான்.

"பாக்குறதுக்கு ராகு காலம் கெடையாது மாப்ள" என்று மெக்கானிக் தீர்ப்பளித்தார். "அட்வான்சு குடுக்கத்தான் ஆகாது. பாப்பம், ரசிப்பம், ஆறு மணிக்கு மேல குடுப்பம்."

கார் விற்கிறவரின் இடம் ஒரு தென்னந்தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகை. முன்பு காய்கறி மண்டி வைத்திருந்தவர். கூடையில் நல்ல தக்காளியை மேலே அடுக்குகிற பழக்கத்தை அவர் புதுத் தொழிலிலும் விடவில்லை. சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற வரிசையில் இருந்த கார்கள் மட்டும் மினுமினுத்தன. எங்கள் கார் அந்த வரிசையில் முதலாவது. மாலை போட்டு, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாங்க, வாங்க" என்று எழுந்து வந்தார். "ஏனுங்க, உங்களக் காணமேன்னு பாத்தனுங்க. ராகு காலம் வந்துருமேன்னு நாலரைக்கு முன்னாடியே கெளப்பி உட்டுட்டனுங்க. நல்ல நேரத்துல கெளப்புன வண்டி. ஆறு மணி வரைக்கும் அணைக்க வேண்டாமுங்க. அணைச்சா அப்பறம் ராகு காலத்துல கெளப்புன மாதிரி ஆயிருமுங்க. எனக்கொண்ணுமில்லீங்க, வாங்குறவங்களுக்குத்தான் ஆகாது."

தம்பி நெகிழ்ந்துவிட்டான். "பாத்தியாக்கா, எம்புட்டு முறை தெரிஞ்ச மனுசன்!"

எனக்கும் பாராட்டத்தான் தோன்றியது. ஏற்கெனவே சூடேறி ஓடுகிற இன்ஜினில் இரண்டு விஷயங்களைப் பார்க்க முடியாது. ஆறிய இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பது ஒன்று. சாவியைத் திருப்பியதும் ஸ்டீரிங்குக்கு முன்னால் உள்ள முகப்பில் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிகின்றனவா என்பது இன்னொன்று. எரியாத விளக்கு இருந்தால், அது கெட்ட செய்தி சொல்லக் கூடாது என்று யாரோ பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். இந்த இரண்டு கதவையும் மனிதர் ஒரே பஞ்சாங்கத்தால் சாத்திவிட்டார். செலவு இரண்டு எலுமிச்சம்பழம்.

"அணைத்து ஆற விட்டுக் கிளப்பிப் பார்க்கலாமே" என்றேன்.

மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீங்க செத்த நேரம் உக்காருங்கக்கா. டீ வருது."

உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் காது நன்றாகக் கேட்கும். இன்ஜின் ஒரே சீராக ஓடவில்லை. சத்தம் மெல்ல ஏறியது. உச்சிக்குப் போய்க் களைத்தது. இறங்கி இறங்கி, அணையப்போகிறது என்று நினைக்கும் நேரத்தில், வகுப்பில் தூங்கி விழும் பையன் திடுக்கிட்டு நிமிர்வதுபோல் மறுபடி ஏறியது. விற்கிறவர் ஓட்டுநர் இருக்கையில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து உட்கார்ந்து, வியாபாரம் எப்படி என்று தம்பியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். சத்தம் இறங்கும்போதெல்லாம் உள்ளே இருந்த கால் கொஞ்சம் அசைந்தது.

தம்பி மனைவியும் கேட்டிருக்கிறாள். "ஏண்ணே இப்புடி ஏறி ஏறி எறங்குது?" என்று மெக்கானிக்கைக் கேட்டாள்.

அவர் கண்ணை மூடிக் காதைச் சாய்த்தார். நாங்கள் காத்திருந்தோம். "கார்ப்பரேட்டர் டியூனிங்" என்றார். "ஒரு திருகு திருகுனா சரியாப் போயிரும்."

"இந்த வண்டிக்குக் கார்ப்பரேட்டர் கிடையாதே" என்றேன்.

"பேச்சுக்குச் சொன்னேன்க்கா. அந்த எடத்துல என்ன இருக்கோ, அது."

"பெட்ரோல்ல தண்ணி கலந்துருக்கும்" என்று தம்பி தன் பங்கைச் செலுத்தினான். "இப்ப எந்த பங்க்ல சுத்தமா ஊத்துறான்?"

விற்கிறவர் இரண்டையும் பெருந்தன்மையாக மறுத்தார். "அதெல்லாமில்லீங்க. இன்ஜின் புதுசு, வண்டி பழசு. புது வீட்டுக்கு வந்த மருமக மாதிரிங்க. ஆரம்பத்துல அப்பிடித்தான் இருக்கும். போகப் போகப் பழகிக்குமுங்க."

"நான் வந்து பன்னெண்டு வருசமாச்சுண்ணே" என்றாள் தம்பி மனைவி. "இன்னும் பழகல. எறங்குங்க, நான் உக்காந்து பாக்குறேன்."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மெக்கானிக்கைப் பார்த்தான். யாரும் தடை சொல்வதற்குள் அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டதால் அவர் இறங்க வேண்டியதாயிற்று. அவருடைய கால் வெளியே வந்ததும் சத்தம் இன்னும் கொஞ்சம் கீழே போய், வண்டி முழுவதும் ஒரு குலுக்குக் குலுங்கியது. முகப்பில் ஒட்டியிருந்த பிள்ளையார் நடுங்கினார்.

"லைட்டைப் போடு" என்றேன். போட்டாள். மூச்சுத் திணறிற்று. "ஸ்டீரிங்கை முழுசா ஒடி." ஒடித்தாள். அணையும் தறுவாய்க்குப் போய்த் திரும்பியது. "ஏசி?"

"கேஸ் இல்லீங்க" என்றார் விற்கிறவர், கேட்கும் முன்பே தயாராக இருந்த பதிலாக.

பிறகு அவள் இறங்கி வந்து, டிக்கியில் அண்டாவை வைத்து, தோப்புக் குழாயிலிருந்து முக்கால் அளவு தண்ணீர் பிடித்து ஊற்றினாள். மெக்கானிக் சிரித்தார். அவள் பொருட்படுத்தவில்லை. நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். இன்ஜின் சத்தம் ஏறும்போது தண்ணீரின் மேல் மெல்லிய வரிகள் ஓடின. இறங்கும்போது வரிகள் தடித்து, கலங்கி, விளிம்பில் மோதி, ஒரு கை அளவு தண்ணீர் வெளியே விழுந்தது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"இது ரயில்வே கேட்ல நிக்கும்போது பாதி சாம்பார் புள்ளைகளுக்கு, பாதி டிக்கிக்கா மதினி?" என்றாள்.

"ஏய், சும்மா இரு. பேசி முடிக்கிற நேரத்துல" என்றான் தம்பி.

நான் பானெட்டைத் திறக்கச் சொன்னேன். புது இன்ஜின் பழைய வீட்டில் குடியேறிய விதம் அங்கே தெரிந்தது. பொருந்தாத இணைப்புகளை வெட்டி, ஒயரோடு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றியிருந்தார்கள். இன்ஜினுக்குக் காற்று போகும் பாதையில் ஒரு சிறு குழாய் மூடப்படாமல் வாயைத் திறந்துகொண்டிருந்தது; பழைய மாடலில் அது போய்ச் சேர வேண்டிய இடமே இல்லை போலும். அதிலிருந்து ஸ்ஸ் என்று உறிஞ்சுகிற சத்தம். கட்டை விரலால் அதை அடைத்தேன். ஏறி இறங்கிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அமைதியாகி, தடுமாற்றத்தில் பாதி போய்விட்டது. விரலை எடுத்தேன், மறுபடி ஆட்டம்.

"தொடாதீங்கக்கா, ஷாக் அடிக்கும்" என்றார் மெக்கானிக்.

ரப்பர் குழாய் ஷாக் அடிக்கும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். கோளாறில் பாதி இந்தக் காற்றுக் கசிவு, அதைச் சரி செய்யலாம், மீதிப் பாதி இந்த டேப் சுற்றலுக்குள் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று தம்பியிடம் சொன்னேன். அவன் முகத்தில் 'சரிக்கா' தெரிந்தது. அவனுடைய கவலை எல்லாம் ஆறு மணி எப்போது ஆகும் என்பதுதான்.

ஆகவே எல்லோரும் காத்திருந்தோம். அணைக்கக் கூடாத இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டீ வந்தது, வடை வந்தது. மெக்கானிக், இன்ஜின்களைக் காதாலேயே குணப்படுத்திய தம் அனுபவங்களைச் சொன்னார். ரேடியேட்டர் பேன் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை என்பதை நான் கவனித்தேன். இவ்வளவு நேரம் நின்ற இடத்தில் ஓடும் வண்டிக்கு அது சுற்றியிருக்க வேண்டும். விற்கிறவரிடம் கேட்டேன்.

"ஹீட்டே ஆகலீங்களே, அப்பறம் எதுக்குங்க பேன்?" என்று முகப்பைக் காட்டினார். சூடு காட்டும் ஊசி அடிமட்டத்தில் படுத்திருந்தது. "பாருங்க. இம்புட்டு நேரம் ஓடுது. ஊசி அசையலீங்க. இந்த மாதிரி குளிர்ச்சியான இன்ஜின் கெடைக்காதுங்க."

"பாத்தியா!" என்றான் தம்பி.

பானெட்டின் மேல் கை வைக்க முடியவில்லை. குளிர்ச்சியான இன்ஜினின் மேல் வைத்த கையை நான் ஊதிக்கொண்டேன். சூடு சொல்லும் ஒயரும் பேனுக்குப் போகும் ஒயரும் அந்த டேப் மூட்டைக்குள் எங்கோ ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஐந்தே முக்கால் வாக்கில் இனிப்பாக ஒரு தீய்ந்த வாசனை வந்தது. சத்தம் கீழே போனது. வழக்கம்போல் திடுக்கிட்டு எழும் என்று பார்த்தோம், எழவில்லை. விற்கிறவர் டீ டம்ளரைப் போட்டுவிட்டு ஓட்டுநர் இருக்கைக்குப் பாய்ந்தார். அவருடைய கால் போய்ச் சேருவதற்குள் இன்ஜின் இரண்டு தரம் உதறி அணைந்துவிட்டது. பானெட் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. தோப்பில் காக்கை கத்துவது அப்போதுதான் கேட்டது.

தம்பி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "ராகு காலத்துல நின்னுபோச்சு" என்றான்.

"கெளப்பிரலாமுங்க, தண்ணி ஊத்துனா…" என்று விற்கிறவர் சாவியைத் தொட்டார்.

"கெளப்பாதீங்க!" என்று தம்பியும் மெக்கானிக்கும் சேர்ந்து கத்தினார்கள். அவரே போட்ட சட்டம். அதை மீற அவராலும் முடியவில்லை.

தம்பி மனைவி அவர் கையிலிருந்து சாவியை வாங்கினாள். "கெளப்பலண்ணே. லைட்டு மட்டும் பாக்குறேன்." பாதி திருப்பினாள். ஆயில் விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கின் இடம் இருட்டாகவே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். சாவியை அவரிடம் திருப்பிக் கொடுத்து, அண்டாத் தண்ணீரைத் தென்னை மூட்டில் ஊற்றினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் தம்பி அந்த வண்டியிலிருந்து தப்பித்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். காற்றுக் கசிவோ, சுற்றாத பேனோ, கழற்றிய பல்போ அவன் பேச்சில் இல்லை. சகுனம் சரியில்லை, அவ்வளவுதான். "நான் மொதல்லயே மனசுல நெனச்சேன் மாப்ள" என்றார் மெக்கானிக். அவர் மனதில் நினைத்ததை அவரைத் தவிர யாரும் மறுக்க முடியாது.

தம்பி மனைவி மடியில் காலியான அண்டா இருந்தது. மாதம் முடிய இரண்டு வாரம் கூட இல்லை. மறுநாள் காலைக்கு இந்த ஆட்டோக்காரரைத்தான் அவள் மறுபடி கெஞ்ச வேண்டும். அவரும் முன் இருக்கையில் இருந்துகொண்டு, நல்ல வேளை தப்பித்தீர்கள் என்று மனதாரச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து நான் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் குழம்பு ஊற்றியபடியே தம்பியிடம் சொன்னாள். "எங்க அம்மா ஊர்ல ஒரு சோசியரு சொன்னாராம். வண்டி வாங்குறதுன்னா ராத்திரி முழுக்க இன்ஜின் ஆறிக் கெடக்கணுமாம். விடிஞ்சதும் வாங்குறவ கையாலதான் அன்னைக்கு மொத சாவி போடணுமாம். அதுக்கு முன்ன வேற கை பட்டா வண்டி வெளங்காதாம்."

தம்பி சோற்றுக் கையோடு நிமிர்ந்தான். "அப்புடியா? அதான் அன்னைக்கு அந்தாளு கெளப்பி வெச்சான், வெளங்கல!" என் பக்கம் திரும்பினான். "கேட்டியாக்கா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு முறை இருக்கு."

நான் பல வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அதேதான். ஒரு வார்த்தை கூட மாறவில்லை. சொன்னவர் மட்டும் மாறிவிட்டார். இல்லாத ஒரு சோதிடர். நான் ரசம் கேட்டேன்.

அன்று மாலையே தம்பி பேகம்பூரில் பழைய கார் விற்கும் ஒருவரிடம் போனில் கறாராகப் பேசினான். "பாய், நாங்க விடியக்காலம் வாரோம். அதுவரைக்கும் வண்டிய யாரும் தொடக் கூடாது. எங்க சாஸ்திரம்." அவரும், அப்படியானால் சரி, உங்க நம்பிக்கையை நாம ஏன் கெடுக்கணும் என்று ஒப்புக்கொண்டார். அங்கே முதல் கார் காலையில் கிளம்பவே மறுத்தது. தம்பி அதை ஒரு சாபமாக எடுத்துக்கொண்டு விலகினான். வேறொரு இடத்தில் இரண்டாவது கார் புகைந்தது. மூன்றாவதைப் பார்த்தபோது தம்பி முன்னால் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்து, பூசாரியைப்போல் கண்ணை மூடி, "சில்லுனு இருக்கு" என்று அறிவித்தான். அவள் சாவியைத் திருப்பினாள். எல்லா விளக்குகளும் எரிந்தன. இன்ஜின் கொஞ்சம் உரக்கத் தொடங்கி, மெல்லத் தணிந்து, ஒரே சத்தத்தில் நிலைத்தது. லைட்டைப் போட்டாள், ஏசியைப் போட்டாள், அண்டாவில் தண்ணீர் வைத்துக் காத்திருந்தாள். நெடுநேரம் கழித்து முன்னால் பேன் சுற்றும் சத்தம் கேட்டது. அந்தக் கார் அவள் கைக்கு வந்தது. முன்பக்கக் கதவு ஒன்று வேறு நிறம். தேங்காய் வியாபாரி அதைக் குறையாகச் சொன்னார்.

புது மாதத்தின் முதல் காலை நான் அங்கே இருந்தேன். இட்லிப் பாத்திரங்கள் ஏறிக்கொண்டிருந்தன. கார் வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. காலை நடைக்கு வந்த மெக்கானிக் நின்று, பக்கத்து வீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "விடியக்காலம், ஆறுன இன்ஜின், வாங்குறவுக கையால மொத சாவி. இது எங்க தொழில்ல ஆதிகாலத்து முறை. இவுகளுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

தம்பி மனைவி கடைசியாகச் சாம்பார் அண்டாவைத் தூக்கி வைத்தாள். மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்து மூடினாள்.

"அண்ணே, அந்த டிக்கியச் செத்த சாத்துங்க" என்றாள் மெக்கானிக்கிடம். "நேரமாச்சு."